வேட்டைக்குப் போகாத நாய்

போன மாதம் இந்தக் கால்நடைக் கேள்வி-பதில் பகுதியில், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த நாயை என்ன செய்வது என்று கேட்ட ஒருவருக்குப் பதில் எழுதும்போது எங்கள் வீட்டுக் கதையை இரண்டு வரியில் சொல்லியிருந்தேன். 1971-இல் நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். முயலுக்கு இனி உதவாது என்று எங்கள் செவலை நாயை அப்பா ஒரு புளி லோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் காவேரிப்பட்டணத்தில் விட்டுவிட்டு வந்தார். பதினோராம் நாள் அது பென்னாகரம் வந்து வாசலில் நின்றது. அவ்வளவுதான் எழுதினேன். மடிநோயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால் மூன்று கடிதம் வரும்; இந்த இரண்டு வரிக்கு ஒரு கட்டே வந்திருக்கிறது. ஆகவே இந்த மாதம் ஆடு, மாடு, கோழிகளுக்கு விடுப்பு. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

*

எங்களிடம் எட்டு வயதுச் சிப்பிப்பாறைக் கலப்புக் கடுவன் இருக்கிறது. பையன்கள் முன்பு முயலுக்குக் கூட்டிப்போவார்கள். இப்போது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. தீனி நன்றாகத் தின்கிறது. காட்டோரம் விட்டால் அதுவே பிழைத்துக்கொள்ளும் என்கிறார் மைத்துனர். வேறு வழி உண்டா?
– பாலக்கோடு பக்கம் ஒரு விவசாயி

மைத்துனர் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். முயல் பிடித்த நாய் காட்டில் தானே பிழைக்கும் என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் நம்புகிறார்கள். வேட்டை நாய் தனியாக வேட்டையாடியதே இல்லை. நாலு பேர் புதரைத் தட்டுவார்கள், ஒருவர் விளக்கடிப்பார், இன்னும் இரண்டு நாய் மடக்கும், அப்புறம்தான் உங்கள் நாய் பாயும். பிடித்ததைத் தின்னவும் விடமாட்டோம். வீட்டுக்கு வந்து களிதான் தின்னும். அப்படி வளர்ந்ததைக் கால் நொண்டுகிற காலத்தில் காட்டோரம் விட்டால், முதல் இரண்டு நாள் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று. மூன்றாம் நாள் யார் பட்டியிலாவது ஆட்டுக்குட்டியைக் கவ்விக் கல்லடி படும். அதுவும் அதற்குள் சிறுத்தை தூக்காமல் இருந்தால்.

இது குற்றமும்கூட. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆமாம், ஐம்பதே ரூபாய். அறுபது வருடத்துக்கு முன் போட்ட தொகை. இன்றைக்கு இரண்டு டீ, இரண்டு வடைக்குச் சரியாகப் போகும். ஆகவே சட்டத்துக்குப் பயந்தாவது நாயைக் கைவிடாதீர்கள் என்று சொல்ல எனக்கே கூச்சம். எட்டு வயது என்பது அந்த ஜாதிக்கு அப்படியொன்றும் கிழடு இல்லை, இன்னும் நாலைந்து வருடம் நன்றாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, காலுக்கு வருவோம். ஒருவர் நாயைக் கயிற்றில் பிடித்துத் தார்ரோட்டில் மெதுவாக நடத்தட்டும். நீங்கள் எதிரே நின்று அதன் தலையைக் கவனியுங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது இறங்கும். எந்தக் கால் என்று தெரிந்ததும் நகத்தைப் பாருங்கள். ஓடித் திரிகிற நாய்க்கு நகம் தானாகத் தேயும். கட்டிப்போட்ட நாய்க்குத் தேயாது, வளரும். முக்கியமாக, காலின் உட்புறத்தில் சற்று உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தக் கட்டைவிரல் நகம். அது தரையைத் தொடுவதே இல்லை. வளையமாக வளர்ந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும். "வாதம் வந்துவிட்டது சார்" என்று தோளில் தூக்கிக்கொண்டு வந்த நாய்களில் சிலவற்றை நகவெட்டி ஒன்றினாலேயே நடக்க வைத்து அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கெல்லாம் எனக்கு ஊரில் பெரிய பேர்.

நகம் சரியாக இருந்தால் விரலிடுக்கில் முள் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். மணிக்கட்டுக்குச் சற்று மேலேயோ தோள்மூட்டு அருகிலோ கெட்டியான வீக்கம் இருந்து, தொட்டால் உறுமி, இரண்டு மூன்று வாரமாகியும் குறையாமல் இருந்தால் தாமதிக்காமல் எக்ஸ்ரே எடுங்கள். கால் நீண்ட பெரிய நாய்களுக்கு எலும்புப் புற்று வருகிற இடங்கள் அவை.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். உங்கள் மூட்டுவலிக்கு வாங்கி வைத்திருக்கிற டைக்ளோஃபெனாக் மாத்திரையில் பாதியைக் களியில் வைத்துக் கொடுக்காதீர்கள். நாய்க்கு அது குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரியத்தில் கொடுத்துச் செத்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன். நாய்க்கென்று வலி மருந்து தனியாக உண்டு. எடை பார்த்து டாக்டர் எழுதித் தரட்டும்.

படுக்க இரண்டு கோணிச்சாக்கில் வைக்கோல் திணித்துப் போடுங்கள். ஒல்லி நாய் சிமெண்டுத் தரையில் படுத்தால் முழங்கையும் இடுப்பும் காய்த்துப் புண்ணாகும். ஓடின காலத்து அளவில் தீனி போடாதீர்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், எடை கூடினால் நொண்டல் கூடும். ராகிக் களியே போடலாம், கூட ஒரு முட்டையோ கொஞ்சம் கோழி ஈரலோ. வெந்த எலும்பு வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். காலையும் மாலையும் கால் மணி நேரம் கயிற்றில் நடத்துங்கள்.

பையன்கள் 'முன்பு' கூட்டிப்போவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டையும் குற்றம்தான். பிடிக்காமல் வெறுங்கையோடு வந்தாலும் முயன்றதே வேட்டைதான். அந்த 'முன்பு' அப்படியே இருக்கட்டும்.

*

நாலு வயது கிரேஹவுண்ட் ஒன்றை எடுத்து வளர்க்கிறோம். பஞ்சாப் கிராமங்களில் பந்தயம் ஓடிய நாயாம். இரண்டு மாதமாகியும் மாடிப்படி ஏறாது. கண்ணாடிக் கதவில் போய் முட்டிக்கொள்கிறது. கண்ணைத் திறந்தபடியே தூங்குகிறது. என் மகள் தடவப்போனால் திடுக்கிட்டுக் கடிக்க வருகிறது. கொடுத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு.
– ஓசூர், சிப்காட் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

கொடுத்துவிடாதீர்கள் அம்மா. நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் அந்த நாய் எப்படி வளர்ந்தது என்பதைச் சொல்கிறது. பிறந்ததிலிருந்து கூண்டு, மண் தரை, ஓட்டம், மறுபடி கூண்டு. படிக்கட்டை அது வாழ்க்கையில் பார்த்ததில்லை. கண்ணாடி என்றால் என்னவென்று தெரியாது. கதவில் அதன் மூக்கு உயரத்துக்குக் கலர் டேப் ஒன்று ஒட்டுங்கள். படிக்கு ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நின்று ஒவ்வொரு காலாகத் தூக்கி வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று படி போதும். ஏறக் கற்றுக்கொள்வதைவிட இறங்கக் கற்றுக்கொள்ள நாளாகும்.

கண் திறந்து தூங்குவது கிரேஹவுண்டில் சகஜம். கூண்டில் தனியாகவே படுத்த நாயைத் தூக்கத்தில் யாரும் தொட்டதே இல்லை. அதனால் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அது தலையைத் தூக்கிய பிறகே தொட வேண்டும். இதை மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், நாய்க்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் அதற்கு ஒரு மெத்தை போட்டு, அந்த இடத்துக்கு மகள் போகக் கூடாது என்று கோடு கிழித்துவிடுங்கள்.

வெளியே கூட்டிப்போகும்போது சாதாரணக் காலர் போடாதீர்கள். இந்த ஜாதிக்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன், பின்னால் இழுத்தால் உருவிக்கொண்டு ஓடிவிடும். இழுத்தால் சற்றே இறுகுகிற அகலமான பட்டை வாங்குங்கள். ஒரு பூனை குறுக்கே போனால் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடிய பிராணி அது. சிப்காட் ரோட்டில் லாரி எந்த நேரமும் வரும்.

இனி டாக்டருக்கான விஷயம். இதை வெட்டி எடுத்து உங்கள் டாக்டரிடம் காட்டினாலும் சரி. 1991-இல் நான் ஓசூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது, பெங்களூரிலிருந்து ஒருவர் தொடை கிழிந்த கிரேஹவுண்டைக் கொண்டுவந்தார். தையல் போட வேண்டும். மற்ற நாய்களுக்குப் போடுகிற கணக்கில் எடை பார்த்துத் தயோபென்டோன் மயக்க ஊசி போட்டேன். தையல் முடிய அரைமணி நேரம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து தள்ளாட வேண்டிய நாய், இருட்டும் வரை தலையைத் தூக்கவில்லை. உடம்பு சில்லிட்டுப் போகிறது. காலி குளுக்கோஸ் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, அந்த ஆளும் நானும் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோம். டிசம்பர் மாதம். ஓசூர்க் குளிர் தெரிந்தவர்களுக்குத் தெரியும். விடியற்காலை நாலு மணிக்குக் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தது. அப்புறம்தான் தேடிப் படித்தேன்: அந்த மருந்தைக் கிரேஹவுண்டின் கல்லீரல் மிக மெதுவாகத்தான் உடைக்கும்; மருந்தை வாங்கி வைத்துக்கொள்ள உடம்பில் கொழுப்பும் கிடையாது. தெரியாமல் செய்தேன், பிழைத்தது அதன் அதிர்ஷ்டம், என்னுடையதும். இப்போது வேறு மயக்க மருந்துகள் இருக்கின்றன. இது கிரேஹவுண்ட் என்பதை ஊசிக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனையிலும் அப்படித்தான். கிரேஹவுண்டுக்குச் சிவப்பணு அளவு மற்ற நாய்களைவிடக் கூடுதல், தைராய்டு அளவு குறைவு, கிரியாட்டினின் சற்று அதிகம். அதற்கு அதுதான் இயல்பு. ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி போட்டு வந்ததும் சிறுநீரக வியாதி, தைராய்டு குறைபாடு என்று மாத்திரை ஆரம்பித்துவிடப் போகிறார்கள். பல்லை மட்டும் உடனே காட்டுங்கள். பந்தய நாய்களுக்குப் பல் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும்.

*

வெளிநாடுகளில் பந்தய நாய்கள் ஓய்வு பெற்றதும் என்ன செய்கிறார்கள்? அங்கே எல்லாம் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் அல்லவா?
– தர்மபுரி, கல்லூரி மாணவர்

அந்த 'அல்லவா' உங்கள் நல்ல மனசு, தம்பி.

இயந்திர முயலைத் துரத்துகிற பந்தயத்தை 1919-இல் கலிஃபோர்னியாவின் எமரிவில் ஊரில் ஓவன் பாட்ரிக் ஸ்மித் என்பவர் தொடங்கினார். நிஜ முயலை விரட்டிக் கொல்வது பொறுக்காமல் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். முயல் பிழைத்தது. 1926-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டரின் பெல் வ்யூ மைதானத்துக்குப் பந்தயம் வந்தது. மிக் தி மில்லர் என்று ஓர் அயர்லாந்து நாய் 1929, 1930 இரண்டு வருடமும் இங்கிலிஷ் டெர்பி என்ற பெரிய பந்தயத்தை வென்றது. அதன் உடலைப் பதப்படுத்தி இன்றும் டிரிங் என்ற ஊரில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ராஜ மரியாதை!

மற்ற நாய்களுக்குக் கணக்கு வேறு. ஒன்றரை வயதில் ஓட ஆரம்பிக்கும், நாலைந்து வயதில் ஓட்டம் முடியும். ஆயுளோ பன்னிரண்டு. இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றித் திரும்புவதால் வலது பின்னங்கால் கணுக்காலில் எலும்பு உடைவது இந்த விளையாட்டுக்கே உரிய காயம். அப்படி உடைந்தவற்றுக்கு இரண்டு மூன்று வயதிலேயே ஓய்வு. மீதி ஏழெட்டு வருடத்துக்கு யார் சோறு போடுவது? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு யாரும் மைதானம் கட்டவில்லை. 2006-இல் இங்கிலாந்தின் சீஹாம் என்ற ஊரில், கட்டுமானப் பொருள் விற்கிற ஒருவர் நாய்க்கு 10 பவுண்டு வீதம் வாங்கிக்கொண்டு ஓய்ந்த பந்தய நாய்களைக் கொன்று தன் நிலத்தில் புதைத்து வந்தது பத்திரிகையில் வெளியானது. அதைப் படித்த அன்று எனக்கு எங்கள் அப்பாவின் லாரிப் பயணம் அவ்வளவு பெரிய பாவமாகத் தெரியவில்லை. என்ன ஆறுதல் பாருங்கள்.

ஸ்பெயினில் கால்கோ என்று நம் கன்னி நாய் மாதிரியே ஒல்லியான ஒரு ஜாதி உண்டு. முயல் வேட்டைக் காலம் ஜனவரி கடைசியோடு முடியும். பிப்ரவரியில் ரோட்டோரமெல்லாம் கால்கோ. 2023-இல் அங்கே பிராணிகள் நலச் சட்டம் புதிதாக வந்தபோது வேட்டை நாய்களை மட்டும் அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். யாருக்குப் பாதுகாப்பு அவசரமோ அவர்களை விட்டுவிட்டுச் சட்டம் போடும் கலை எல்லா நாட்டிலும் இருக்கிறது.

ஆனால் நிலைமை மாறியும் வருகிறது. 2018 நவம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மக்களிடமே வாக்கெடுத்தார்கள். 69 சதவீதம் பேர் நாய்ப்பந்தயம் வேண்டாம் என்றார்கள். 2020 முடிவோடு அங்கே பந்தயம் நின்றது. இப்போது அந்த நாட்டில் மேற்கு வர்ஜீனியாவில் மட்டும் இரண்டு மைதானங்கள் ஓடுகின்றன. சீனாவின் மக்காவ் நகரில் கனிட்ரோம் என்ற மைதானத்தை 2018 ஜூலையில் மூடியபோது ஐந்நூறுக்கு மேற்பட்ட நாய்கள் அப்படியே நின்றன. பிராணிநல அமைப்புகள் சேர்ந்து வெளிநாடுகளில் வீடு தேடிக் கொடுத்தார்கள். நியூசிலாந்து அரசு 2024 டிசம்பரில் பந்தயத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது சுமார் இருபது மாத அவகாசம் கொடுத்தது, நாய்களுக்கு வீடு பார்க்கத்தான்.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்தில் 2020-இல் கொண்டுவந்த ஏற்பாடு. நாயைப் பந்தயத்துக்குப் பதிவு செய்யும்போதே ஒரு தொகையை (தொடங்கியபோது 400 பவுண்டு) ஒதுக்கி வைக்க வேண்டும், பாதி உரிமையாளர், பாதி பந்தய வாரியம். நாய் ஓய்வு பெற்றுக் காப்பகத்துக்குப் போகும்போது பணம் காப்பகத்துக்குப் போகும். நாய்க்குக் கிராஜுவிட்டி! பந்தயமே வேண்டாம் என்கிறவர்களுக்கு இது பூசிமெழுகல். இருக்கட்டும். நம் ஊர்களில் கோயில் விழாவை ஒட்டி நாய்களை ஓடவிட்டு ஃபிரிட்ஜும் பைக்கும் பரிசு கொடுக்கிறவர்கள், நுழைவுக் கட்டணத்தில் நூறு ரூபாய் பிடித்துக் காயம்பட்ட நாய்க்கு ஒரு கட்டுப்போட வைத்திருந்தால்கூட நான் எழுந்து நின்று கும்பிடுவேன்.

*

எங்கள் பெட்டை நாய் நல்ல ஓட்டக்காரி. ஆறு வயது. இப்போது மூச்சு வாங்குகிறது. குட்டி எடுப்பதற்காகக் கேட்கிறார்கள், நல்ல விலை. கொடுக்கலாமா?
– அரூர்

கொடுக்காதீர்கள். ஓடி ஓய்ந்த பெட்டையை வாங்குகிறவர் ஒவ்வொரு பருவத்துக்கும் குட்டி எடுப்பார், நின்றதும் கழித்துவிடுவார். நீங்கள் செய்யத் தயங்குவதை அவர் செய்வார், அவ்வளவுதான் வித்தியாசம். 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி பதிவு இல்லாமல் இந்தத் தொழில் செய்யவும் கூடாது, வருடத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் எடுக்கவும் கூடாது. மூச்சு வாங்குவதை முதலில் காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்தாலும் மூச்சு வாங்கும். தெம்பானதும் கருத்தடை செய்துவிடுங்கள். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் பெட்டை நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, தீனி வெறுத்து, துர்நாற்றமாக ஒழுகினால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு அவசர ஆபரேஷன்தான். கருத்தடை செய்த நாய்க்கு அந்தப் பயம் இல்லை.

*

காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த அவுட்டுக்காயை, அதாவது நாட்டு வெடியை, கடித்து எங்கள் கிழட்டு நாய்க்குக் கீழ்த்தாடையில் பாதி போய்விட்டது. மாட்டாஸ்பத்திரிக்குப் போனால் வனத்துறைக்காரர்கள் கேட்பார்களோ என்று பயம். பதினைந்து நாளாக மஞ்சள்தான் போடுகிறோம்.
– அஞ்செட்டி

இந்த இதழ் கைக்கு வருகிற அன்றே கிளம்புங்கள். நான் வேலையில் இருந்தபோது இப்படி வந்த நாய்களுக்கு முதலில் வலி ஊசி போடுவேன், அப்புறம்தான் பெயர், ஊர் எல்லாம். டாக்டர்கள் பலரும் அப்படித்தான். அவுட்டுக்காய் வைத்தது நீங்கள் இல்லையென்றால் பயமெதற்கு? வைத்தது யாரென்று உங்களுக்குத் தெரியும் என்றால், நாளைக்கு அதே காயை மாடு கடிக்கும், விறகு பொறுக்கப் போகிற பிள்ளை எடுத்துப் பார்க்கும். யோசியுங்கள்.

புண்ணில் புழு இருந்தால் பெட்ரோல், பினாயில் எதுவும் ஊற்றாதீர்கள். உடைந்த எலும்புச் சில்லை எடுத்துச் சுத்தம் செய்து தைக்க வேண்டும். கீழ்த்தாடையில் ஒரு பகுதி இல்லாமலே நாய் வருடக்கணக்கில் வாழும், நாக்கு ஒரு பக்கம் தொங்கும், பார்க்க நமக்குத்தான் கஷ்டம். ராகிக் கூழை நீர்க்கக் கரைத்து முட்டை அடித்துக் கலந்து, உயரமான கல்மேல் பாத்திரத்தை வைத்துக் கொடுங்கள். நக்க முடியாவிட்டால் ஊசி போடாத பெரிய சிரிஞ்சில் கன்னத்தோரமாகச் சிறிது சிறிதாக விடுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தாடை தொங்கி எச்சில் வடிகிற நாயைப் பார்த்து அவுட்டுக்காய் என்று நீங்களே முடிவு கட்டி வாய்க்குள் கை விடாதீர்கள். வெடிச் சத்தம் கேட்கவில்லை, ரத்தமும் இல்லை என்றால் முதலில் வெறிநோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். அஞ்செட்டி நாய் பதினைந்து நாளாக உயிரோடு இருக்கிறது. வெறிநோய் கண்ட நாய் பத்து நாள் தாண்டாது. அதனால்தான் தைரியமாகப் பதில் எழுதுகிறேன். எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

*

நாயைப் போய் இவ்வளவு தூரம் கொண்டாடுவது வெள்ளைக்காரன் பழக்கம் என்கிறார் என் அப்பா. நம் முன்னோர்கள் நாயை எந்த இடத்தில் வைத்தார்கள்?
– ஊத்தங்கரை

வாசலில் வைத்தார்கள். ஒரு தடவை கல்லிலும் வைத்தார்கள். உங்கள் ஊருக்குக் கிழக்கே செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். எருமைகளைக் காத்துச் செத்த வீரனுக்கு எடுத்த கல். வீரன் பக்கத்தில் நாய் நிற்கிறது. நாய்க்குப் பெயரும் வெட்டியிருக்கிறார்கள், கோவிவன் என்று. கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாம். அப்பாவைப் பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். முடியாவிட்டால் தர்மபுரி அகழ்வைப்பகத்தில் வேறு நடுகற்கள் வரிசையாக இருக்கின்றன, அதையாவது காட்டுங்கள்.

*

பதின்மூன்று வயது ராஜபாளையம். எழுந்திருக்க முடியவில்லை. ஊசி போட்டுவிடலாம் என்கிறார் டாக்டர். மனசு வரவில்லை. எப்போது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– கிருஷ்ணகிரி, பள்ளி ஆசிரியை

தினசரி காலண்டரைக் கிழிக்கும்போது முந்தைய நாள் எப்படிப் போனது என்று அந்தத் தாளில் ஒரு குறி போடுங்கள் அம்மா. தானாகத் தின்றதா, உங்களைப் பார்த்து வாலை அசைத்ததா, வலியில் முனகாமல் தூங்கியதா என்று மூன்றே கேள்வி. கெட்ட நாள் தாள்கள் நல்ல நாள் தாள்களைவிட அதிகமாகிவிட்டால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். அவர் போடுவது மயக்க மருந்துதான், அளவு அதிகம். தூங்கி, தூக்கத்திலேயே போய்விடும். பக்கத்தில் இருங்கள். வெளியே போய் நிற்கிறவர்களைத்தான் நாய் கடைசி வரை தேடும். நான் அந்தப் பக்கம் நின்று எத்தனையோ தடவை பார்த்ததால் சொல்கிறேன்.

டாக்டருக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடித்துக் குருணைப் பூச்சிமருந்தைச் சோற்றில் வைக்கிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. நீங்கள் அந்த ஆள் இல்லை, தெரியும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் அதற்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு என்பதை அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள்.

*

காவேரிப்பட்டணத்திலிருந்து திரும்பி வந்த செவலை அப்புறம் என்ன ஆனது? எங்கள் வீட்டில் பந்தயமே நடக்கிறது, சொல்லிவிடுங்கள்.
– பென்னாகரம்

நம்ம ஊரா! சொல்கிறேன்.

ரோட்டு வழியே வந்தாலும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. பாதம் நாலும் தோல் உரிந்திருந்தது. அம்மா வேப்பெண்ணெய் போட்டுப் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். அப்பாவிடம் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை; பேசியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்பா வேட்டையை நிறுத்திவிட்டார் என்று எழுத ஆசைதான். நிறுத்தவில்லை. சட்டமே அடுத்த வருடம்தான் வந்தது. வேறு இரண்டு நாய்கள் இருந்தன. மாசி மாத ராத்திரிகளில் அவற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்புவார். செவலை கட்டுத்தறியில் கிடந்து ஊளையிடும். லாரியில் ஏற்றும்போதுகூட அது சத்தம் போடவில்லை, வேட்டைக்குப் போகிறோம் என்று நினைத்துத் துள்ளி ஏறியது. மற்ற நாய்கள் கிளம்பும்போதுதான் அப்படி அழும். தெருவே எழுந்துகொள்ளும்.

ஒரு பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், வேட்டைக்குக் கொண்டுபோகிற அதே மூங்கில் தடியைத் தோளில் போட்டுக்கொண்டு, தலைப்பாகை கட்டி, செவலையை மட்டும் அவிழ்த்தார். ஏரிக்கரை வரைக்கும் போனார்கள். கரையோரப் புதரைத் தடியால் தட்டினார். ஒரு காடை பறந்தது. செவலை நாலு எட்டு ஓடி நின்று திரும்பிப் பார்த்தது. "விடு, போகட்டும்" என்றார். திரும்பி வந்தார்கள். அன்று ராத்திரி ஊளை இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம், மழை நாள் தவிர, தினமும் அந்த ஏரிக்கரை வேட்டை நடந்தது. ஊரில் சிரித்தார்கள். கடைசி இரண்டு மாதம் போகும்போது நடந்து போகும், வரும்போது முடியாது. அப்பா தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆட்டுக்குட்டியைத் தூக்குகிற மாதிரி கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு வருவார். அந்தத் தடி என் உயரத்தைவிடப் பெரிது. தரையில் இழுபடாமல் கொண்டுவர வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது எனக்குக் கவலை.